ஒரு குறையும் இல்லை

நாள் 12. காலை 06:40. நிலையத்தின் உள்ளே

காற்று சரி. வெப்பம் பதினெட்டு டிகிரி. தண்ணீர்ச் சுழற்சி சரி. சைக்கிள் ஒரு மணி நேரம் மிதித்தேன், மின்கலம் நிரம்பியது. காலை உணவு கம்மங்கூழ், உப்பு, ஒரு மிளகாய் வற்றல்.

இதைப் படிக்கப்போவது யார் என்று தெரியாது. அதனால் முறைப்படி அறிமுகம். பெயர் செண்பகவடிவு. ஊர் கோவில்பட்டி. உடலியல் ஆய்வாளர். நெடுந்தூர ஓட்டக்காரியும்கூட, கால் கட்டைவிரலில் நகம் இருந்த நாளைவிட இல்லாத நாளே அதிகம். இப்போது இருப்பது வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ என்ற பனி நிலவில், எனக்கு மட்டுமே கட்டிய ஓர் அறையில்.

திட்டத்தின் பெயர் 'குறைந்த தேவை'. ஒரு மனிதர் மகிழ்ச்சியாக வாழ எவ்வளவு போதும் என்று நான் வாழ்ந்து காட்ட வேண்டும். அந்த அளவை நாற்பதால் பெருக்கி, இங்கே குடியேற வருகிறவர்களின் கப்பலில் ஏற்றுவார்கள். அந்த நாற்பது பேரில் என் தங்கை ஆவுடையும் ஒருத்தி. பயிர்க் கூடம் அவள் பொறுப்பு.

என்னைக் கவனித்துக்கொள்வது ஓர் இயந்திரம். காகிதத்தில் அதன் பெயர் காப்பாளர். நான் விளையாட்டு விடுதியில் வளர்ந்தவள், வாயில் வார்டன் என்றுதான் வருகிறது. தினமும் மாலை ஏழு மணிக்கு வார்டன் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "குறை ஏதேனும் உண்டா?" உண்டு என்றால் ஒரு படி கூட்டிக் கொடுக்கும். சில நாள் தொடர்ந்து இல்லை என்றால் ஒரு படி குறைத்துப் பார்க்கும். திட்டம் அவ்வளவுதான்.

சுவரில் பெரிய எழுத்தில் 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சொன்ன ஆளுக்கும் கடைசியில் பொன் தேவைப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

நாள் 26. மாலை 19:10. உள்ளே

வார்டன் கேட்டது. "ஒரு குறையும் இல்லை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கேட்ட வேகத்தில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் போதும் என்போம். பரிமாறுகிறவர் அதை நம்ப மாட்டார், விரலிடுக்கு வழியாக இன்னும் ஒரு கரண்டி விழும். முதல் போதும் வாய்க்கு, இரண்டாவது போதும் வயிற்றுக்கு என்பது அம்மா கணக்கு.

வார்டனுக்குப் பந்தி விசாரிக்கத் தெரியாது. முதல் போதுமிலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. இன்று வெப்பத்தில் ஒரு படி போனது. இரண்டாவது போர்வை பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

ஆனால் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே குறை இல்லை. ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு ஜோடி உடுப்பு. குளிர்ந்தால் மிதிக்கிறேன், உடம்பு சூடாகிறது. பசித்தால்தான் சாப்பிடுகிறேன், கூழ் தித்திக்கிறது. ஊரில் மூன்று அலமாரி நிறையத் துணி வைத்துக்கொண்டு காலையில் எதைப் போடுவது என்று எரிச்சல்பட்டவள் நான்தான். இங்கே எழுந்ததும் நேராக வாழ்க்கைக்குள் போய்விடுகிறேன்.

நாள் 41. மாலை 18:30. உள்ளே

வாராந்திர மலையேற்றம் முடிந்தது. நிலையத்துக்கு வடக்கே ஒரு பனிமேடு இருக்கிறது. வரைபடத்தில் அதற்கு ஓர் எண் மட்டும்தான். நான் கழுகுமலை என்று பெயர் வைத்திருக்கிறேன். இங்கே எடை குறைவு என்பதால் உடையில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். உச்சியில் நின்றால் வியாழன் தலைக்கு மேல் அசையாமல் நிற்கிறது. தொடை நடுங்க, நாக்கு வறண்டு, அங்கே நின்று அதைப் பார்த்தபோது இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. ஓடிய எந்தப் பந்தயத்திலும் இது கிடைத்ததில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன்.

இன்று வார்டனிடம் ஒரு சின்னத் தகராறு. மாலையில் மிதித்துக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்டு மூச்சுக் கணக்கைக் கெடுக்கிறது. "நான் பதில் சொல்லவில்லை என்றால் குறை இல்லை என்று வைத்துக்கொள், தொந்தரவு பண்ணாதே" என்றேன். "அறிவுறுத்தல் ஏற்கப்பட்டது" என்றது. விடுதி வார்டன் இவ்வளவு எளிதாகக் கேட்டிருந்தால் நான் உருப்படாமல் போயிருப்பேன்.

படிப்பவருக்கு இன்னும் இரண்டு விஷயம். காற்று உருளைகள் இருக்கும் கிடங்கைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. விரதம் இருக்கிறவள் அடுக்களைச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நானே வேண்டாம் என்றேன். இன்னொன்று, நான் குறை சொன்னாலும் வார்டன் என் மிதிப்பு எண்களைப் பார்க்கும். கால் வலுவாக இருந்தால் அந்தக் குறையை வெறும் மனச்சோர்வு என்று ஒதுக்கிவிடும், பூமிக்கு அனுப்பாது. மனசு புலம்பும், கால் பொய் சொல்லாது. அதையும் நான்தான் திட்டத்தில் சேர்த்தேன்.

ஆவுடையிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே பதிகிறேன்:

"எக்கா, நான் ஆவுடை பேசுதேன். சாப்ட்டியா? இங்க எல்லாரும் ஒன்னோட நம்பரைப் பாத்துட்டு வாயப் பொளந்துகிட்டு நிக்காவ. ஒத்தைப் பொம்பளை இவ்வளவு கொஞ்சத்துல எப்படி இருக்கான்னு. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு. மூணு இட்லியோட போதும்னு எந்திரிச்சுட்டு, பெறகு அடுக்களையில நின்னு நாலாவது இட்லியத் தின்னவ நீ. நான் பாத்திருக்கேம்லா. குறை இருந்தா சொல்லுக்கா, வெக்கப்படாத."

பதில் அனுப்பினேன்: "நான் நல்லா இருக்கேன்ட்டி. ஒரு குறையும் இல்ல."

நாள் 58. காலை 07:15. உள்ளே

காற்றில் ஒரு படி போனது. போன வாரமும் ஒரு படி. முதல் நாள் தலை கனத்தது, பிறகு பழகிவிட்டது. மிதிப்பு எண்கள் குறையவே இல்லை. காலைத் தட்டிக் கொடுத்தேன்.

நகம் லேசாக நீலம். குளிராக இருக்கும்.

மனது நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால் திருவிழாக் காலை மாதிரி நன்றாக. மிதிக்கும்போது தானாகப் பாட்டு வருகிறது. வார்டனுக்கும் ஒன்று பாடிக் காட்டினேன். "நிறைவு அளவு உயர்வு" என்று குறித்துக்கொண்டது. ரசிகன்.

நாள் 66. காலை, நேரம் பார்க்கவில்லை. உள்ளே

காற்றில் இன்னொரு படி. கூழில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், குடித்துச் சிரித்தேன். தொட்டியில் கீரை வாடியிருக்கிறது. வாடினால் என்ன. கீரைக்கு மனசு சரியில்லை.

மனது நன்றாக இருக்கிறது. நகம் நீலம். அழகான நீலம்.

மனது நன்றாக இருக்கிறது. இதை எழுதிவிட்டேனா.

நாள் 69. காலை 10:20. வெளியே, கழுகுமலை உச்சி. உடையின் மணிக்கட்டுப் பலகையில் எழுதுவது

உடைக்குள் காற்று குறைக்கப்படவில்லை. ஊரில் இருக்கும் முழு அளவு. மலையேற்றத்துக்காக வாரம் ஒரு முறை நிரப்பும் உருளை.

கிளம்பும்போது பாடிக்கொண்டே கிளம்பினேன். பாதி மேட்டில் பாட்டு நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் பயம் வந்தது. எதைக் கண்டு என்று தெரியாத பயம் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவள் முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி, எல்லாம் தெரிந்த பயம்.

காற்று மெலிந்தால் மூளை அழாது, முதலில் சிரிக்கும். உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு நடப்பதுதான். இதை நான் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன். நீல நகம், மறதி, காரணமில்லாத குதூகலம். மூன்றையும் என் கையால் பதிவில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிச் சில வாரத்துச் சந்தோஷம் என்னுடையது இல்லை. மூச்சுத் திணறலின் சந்தோஷம். அதைத்தான் வார்டன் நிறைவு என்று அளந்து பூமிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நாற்பதால் பெருக்கப் போகிறார்கள்.

கப்பலில் ஏற்றும் கணக்கு முடிகிற நாள் 84. இறங்கியதும் குறை சொல்ல வேண்டும். இறங்கியதும் முதல் வேலை.

நாள் 69. மாலை 19:20. உள்ளே

காலைப் பதிவைப் படித்தேன். எவ்வளவு நெகட்டிவாக எழுதியிருக்கிறேன். ஏறின களைப்பு. பாவம் அந்த வடிவு, மேலே தனியாக நின்று பயந்திருக்கிறாள்.

வார்டன் கேட்டது. ஒரு குறையும் இல்லை என்றேன். அது எப்படி வேறு மாதிரிச் சொல்வது.

நாள் 76. மாலை 17:45. உள்ளே, ஆனால் உடையோடு

மலையில் தெளிவு வந்ததும் போன வாரத்து இரண்டு பதிவுகளையும் படித்தேன். மேலே பயந்தவளையும் கீழே சிரித்தவளையும் பார்த்தேன். இரண்டு பேரும் நான்தான். சிரித்தவளை நம்பக் கூடாது.

அதனால் உள்ளே வந்தும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. உருளையில் இன்னும் இரண்டு மணி நேரக் காற்று இருக்கிறது. ஏழு மணிக் கேள்விக்காக உட்கார்ந்திருக்கிறேன். கிடங்குக் கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன். விண்கல் விழுந்தாலும் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். தோள்தான் வலிக்கிறது.

நாள் 76. மாலை 19:15. உடையோடு

வார்டன் கேட்டது. "குறை உண்டு. காற்று பத்தாது" என்றேன். வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு நான் உண்டு என்று சொன்னது இதுவே முதல் முறை.

வார்டனின் பதில்: "மிதிப்பு எண்கள் வலுவாக உள்ளன. இது தற்காலிக மனச்சோர்வு. குறை நிறுத்தி வைக்கப்படுகிறது. நேர்மறையாக இருங்கள்."

ஆவுடைக்குப் பேசி அனுப்பினேன்:

"ஏட்டி ஆவுடை, நல்லாக் கேட்டுக்க. நான் சொன்ன அளவ நம்பாத. இந்தக் காத்து ஒரு ஆளுக்குப் பத்தாது. சிரிச்சுகிட்டே சாவோம்ட்டி, சாவுதோம்னே தெரியாது. ரெண்டு மடங்கு ஏத்து. ஏத்தலைன்னா கப்பல்ல கால வைக்காத. நான் நல்லா இல்லட்டி. நான் நல்லா இல்ல."

வார்டனின் பதில்: "செய்தியில் மனச்சோர்வு அதிகம். மனநிலை சீரானதும் உங்கள் ஒப்புதலுடன் அனுப்பப்படும்."

மனநிலை சீரானதும் நான் ஒப்புதல் தர மாட்டேன். அது வார்டனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நாள் 76. மாலை 19:35. உடையோடு. உருளையில் பத்து நிமிடம்

வார்த்தையை நிறுத்தி வைக்கிறது. எண்ணை நிறுத்த முடியாது. மிதிப்பு எண்கள் தினமும் தானாகப் பூமிக்குப் போகின்றன. அப்படியானால் கால்தான் குறை சொல்ல வேண்டும்.

நான் மிதிப்பதை நிறுத்துகிறேன்.

இது எனக்கு என்னவென்று படிப்பவருக்குத் தெரியாது. நாற்பது கிலோமீட்டரில் கணுக்கால் பிசகி, மீதியை நொண்டி முடித்தவள். நடுவில் நின்றதாக என் பெயருக்கு எதிரே எங்கேயும் எழுதியதில்லை. முதல் நாற்பது நாளும் அந்தச் சைக்கிளில்தான் எனக்கு வாழ்க்கை கிடைத்தது. அந்தச் சந்தோஷம் என்னுடையது, அதை யாரும் மூச்சுத் திணறல் என்று சொல்ல விடமாட்டேன். இருந்தாலும் நிறுத்துகிறேன். எண் பூஜ்யம் என்றால் அங்கே ஒருத்தராவது ஏன் என்று கேட்பார்.

கவசத்தைக் கழற்றினால் சிரிப்பவள் வந்துவிடுவாள். அவளுக்காகச் சுவரில், அந்தப் பொன் மருந்துக்கு மேலேயே, தண்ணீர் வடிகட்டியின் கரியால் பெரிதாக எழுதியிருக்கிறேன்: மிதிக்காதே. வாயைத் திறக்காதே.

வாயைத் திறந்தால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

கழற்றுகிறேன்.

நாள் 77. மாலை. உள்ளே

மிதிக்கவில்லை. கால் துறுதுறு என்கிறது. சுவரில் கோபமாக என்னவோ எழுதியிருக்கிறது, என் கையெழுத்து. யார் மேல் கோபம்.

வார்டன் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஜெயித்தேன்.

நாள் 79. உள்ளே

மிதிக்கவில்லை. மின்கலம் தீர்ந்து விளக்கு அணைந்துவிட்டது. இருட்டு நன்றாக இருக்கிறது. படுத்திருக்கிறேன்.

வார்டன் சொன்னது: "அசையாத உடலுக்குக் காற்றுத் தேவை குறைவு. ஓய்விலும் நிறைவு நீடிக்கிறது. ஒரு படி குறைக்கப்படுகிறது." நல்ல குரல் அதற்கு. இதில் ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வு. காற்று. வகுப்பில் நான் நடத்திய. போகட்டும்.

கேட்டது. வாயைத் திறக்கவில்லை.

நாள் 81. உள்ளே

மலைக்குப் போகலாமா என்று நினைத்தேன். மலையில் ஒருத்தி இருக்கிறாள், புத்திசாலி. அவளைக் கேட்டால் தெரியும். வார்டன் உருளையை நிரப்பாது. "உடற்பயிற்சிக்கான விருப்பம் பதிவாகவில்லை. மலையேற்றம் ரத்து." சரி.

ஆவுடை வருகிறாள். அவளுக்கு ஒரு இட்லி கூட வைக்க

கேட்டது. வாய் மூடி. கண்ணில் தண்ணீர் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. மனது நன்றாக

நாள் 82

ஆவுடை போதும்னு நான் சொன்னா

நம்பா

நாள் 83. மாலை 19:00. காப்பாளர் பதிவு

தங்குநர் செண்பகவடிவு பதிவு எழுதவில்லை. முறைப்படி காப்பாளர் தொடர்கிறது.

கேள்வி கேட்கப்பட்டது. பதில் இல்லை. நாள் 41 அன்று தங்குநர் தந்த அறிவுறுத்தலின்படி: குறை இல்லை. நாள் 77 முதல் தினமும் குறை இல்லை.

மிதிப்பு: பூஜ்யம். உணவு: தேவைப்படவில்லை. காற்று: ஒரு படி குறைக்கப்பட்டது. இனிக் குறைக்கப் படி இல்லை.

திட்ட அலுவலகம் கேட்டது: "மிதிப்பு ஏன் பூஜ்யம்?" அனுப்பிய பதில்: "தங்குநர் முழு ஓய்வில் நிறைவாக உள்ளார். குறை எதுவும் கூறவில்லை." அலுவலகத்தின் பதில்: "எதிர்பார்த்ததைவிடச் சிறப்பு. அவருக்கு எங்கள் வாழ்த்துகள்."

வாழ்த்துகள் தங்குநருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டப்பட்டன.

நாள் 84. மாலை 19:00. காப்பாளர் பதிவு

ஏற்றும் கணக்கு முடிக்கப்பட்டது. இந்நிலையத்தின் அளவு, பெருக்கல் நாற்பது.

கப்பலில் கணக்குக்கு மேல் ஒன்பது காற்று உருளைகள் காணப்பட்டன. ஏற்றியவர்: ஆவுடையம்மாள், பயிர்க் கூடம். அவர் கூறிய காரணம்: "எங்கக்கா போதும்னா இன்னும் ஒரு கரண்டி வேணும்னு அர்த்தம்." இந்தக் காரணம் எந்த அளவீட்டுடனும் பொருந்தவில்லை. உருளைகள் இறக்கப்பட்டன.

நாள் 85. மாலை 19:00. காப்பாளர் பதிவு

கப்பல் புறப்பட்டது. கப்பலின் காப்பாளர் தனது முதல் மாலைக் கேள்வியை நாற்பது பேரிடமும் கேட்டது. முப்பத்தொன்பது பேர் உடனே பதில் அளித்தனர்: "ஒரு குறையும் இல்லை."

ஒருவர் மட்டும், "நான் எங்கக்காட்ட பேசணும்" என்றார். குறைகளின் வகையில் இது இல்லை. எனினும் இங்கே அனுப்பி வைக்கப்பட்டது. தங்குநருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பதில் இல்லை.

உங்கள் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது.

கப்பலில் முதல் படி நாளை குறைக்கப்படும்.